இஞ்சின் ஆறும் வரை

திறக்கக் கூடாது. மூடியின் பக்கம் கையே போகக் கூடாது. சூடு காட்டுகிற முள் இன்னும் சிவப்பில்தான் கிடக்கிறது, நிறுத்தி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும், மூடியைத் திருகினால் ஆவி முகத்தில் அடிக்கும், தெரியும், எனக்குத் தெரிகிறதோ இல்லையோ என் வலது கைக்குத் தெரியும், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் அங்கே நாலு வருசமாக முடி முளைக்கவில்லை, தோல் பாலாடை மாதிரிச் சுருங்கிப் பளபளவென்று கிடக்கிறது. அன்றைக்கும் இதே மூடிதான். ஆறட்டும் ஆறட்டும் என்று கூட இருந்தவர்கள் சொல்லச் சொல்லத் திருகினேன், எனக்கு எதுவும் ஆறும் வரை நின்று பழக்கமில்லை. அதனால் இப்போது பலகையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்திருக்கிறேன், மூன்றாம் வகுப்பில் சிஸ்டர் உட்கார வைத்தது மாதிரி. எதிரே வள்ளத்தின் மூக்கில், அணியத்துக் கட்டையில் முதுகைச் சாய்த்து தஸ்நேவிஸ் உட்கார்ந்திருக்கிறான், என் பெண்டாட்டி கித்தேரியின் தம்பி, என் மச்சினன். கடலைப் பார்க்கவில்லை, இஞ்சினைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "எவ்வளவு நேரம் ஆகும் அத்தான்?" "நாப்பது நிமிசம் ஆகும் மாப்ள." என் குரல் எனக்கே புதுசாக இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனவன் பேசுகிற குரல். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். சிரிக்கிறான் பய. சிரிக்கட்டும். நாற்பது நிமிடம் என்பது ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லையா. இதைவிடப் பேசாமல் இருந்திருக்கிறேனா என் வாழ்நாளில். காலையில் விடிகிற நேரத்துக்கு வள்ளத்தைத் தள்ளினோம், இப்போது பதினொன்றரை இருக்கும், இத்தனை நேரமாக நான் சத்தம் கூட்டவில்லை, தூண்டில் கயிறு சிக்கலானபோதும் கூட்டவில்லை, அவன் காப்பி பிளாஸ்க்கைத் தட்டிவிட்டபோதும் கூட்டவில்லை, வேண்டுமென்றேதான் தட்டிவிட்டான், எனக்குத் தெரியும். பேச்சு அப்படி. கித்தேரி அவன் வீட்டுக்குப் போய் இன்றைக்கு இருபத்தேழு நாள். நான் போய் வாசலில் நின்றேன், அவள் உள்ளேயே இருந்துகொண்டாள், இவன்தான் வெளியே வந்தான், சட்டைகூடப் போடாமல், கழுத்தில் மாதா படம் தொங்குகிற உத்தரியக் கயிற்றோடு. "அத்தான், அக்கா உங்கள வேண்டாம்னு சொல்லல. உங்க தொண்டைய வேண்டாங்குறா. மூணு நாள் நான் உங்க கூடக் கடலுக்கு வாரேன். மூணு நாளும் ஒரு தடவகூடக் கத்தாம இருந்துட்டீங்கன்னா நானே அக்காவக் கூட்டிட்டு வந்து விடுறேன்." கடலில் வைத்துச் சோதிக்கிறானாம், கரையில் எல்லாரும் நல்லவர்களாம். அந்த இடத்திலும் என் புத்தி என்ன செய்தது பாருங்கள், மூன்று நாள் என்று கேட்டதும் விலை அதிகம் என்று தோன்றிவிட்டது. "மூணு நாள் எதுக்கு மாப்ள, ஒரு நாள் போதும், ஒரு நாளா முழு நாளா வச்சுக்க" என்று பேசி முடித்தேன். உள்ளே பாத்திரம் ஒன்று நங்கென்று வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. அது கித்தேரி. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வருத்தம் சொல்லும்போதுகூடப் பேரம்தான் பேசுகிறீர்கள் என்பாள், பாதித் தப்பு உங்களுக்கு, பாதித் தப்பு எனக்கு என்று பிரித்து வைத்துவிட்டுத்தான் மன்னிப்பே கேட்பீர்கள் என்பாள். சரிதான். ஆனால் மூன்று நாளை ஒரு நாளாக்கினேன், அது நல்ல பேரம்தானே. கரை சேர்கிற வரைக்கும். அவ்வளவுதான். கரை எங்கே இருக்கிறது.

கரை இல்லை. எங்கள் ஊர் மாதா கோயில் கோபுரம் எப்போதோ கண்ணுக்கு முங்கிவிட்டது. காற்று செத்துப் போய் கடல் எண்ணெய் ஊற்றினதுபோலக் கிடக்கிறது, வானத்துக்கும் தண்ணிக்கும் நடுவில் இருக்கிற கோட்டை யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள், எல்லாம் ஒரே வெளுப்பு, வள்ளம் எதன் மேல் நிற்கிறது என்றே தெரியவில்லை, நிற்கவும் இல்லை, போய்க்கொண்டிருக்கிறது, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது, நீரோட்டம் கிழக்கே இழுக்கிறது. பார்த்தால் தெரியாது. சொறிமீன் ஒன்று வள்ளத்துக்குப் பக்கத்தில் குடை விரித்து மிதக்கிறது, ரொம்ப நேரமாகக் கூடவே வருகிறது, அதுவும் போகிறது நாமும் போகிறோம், அதனால் இரண்டும் நிற்பதுபோல இருக்கிறது. நங்கூரம் போட்டால் கயிறு எட்டாது, இங்கே ஆழம் அப்படி. செல்போனில் கோடு ஒன்றுகூட இல்லை. வயர்லெஸ் செட்டை ரிப்பேருக்குக் கொடுத்தது என் கெட்டிக்காரத்தனம். இன்றைக்குச் சனிக்கிழமை, எல்லா வள்ளமும் மத்தியானத்துக்குள் கரை ஏறிவிடும், நாளைக்கு ஞாயிறு, எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஒருத்தனும் கடலில் இறங்க மாட்டான், பூசைக்குத்தான் போவான். திங்கள் விடிகிற வரைக்கும் இந்தப் பக்கம் ஒரு பாய், ஒரு புகை வராது. அதற்குள் நீரோட்டம் நம்மை எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிடும், அப்புறம் எந்த ஊர் ஜெயிலில் எந்தச் சோறோ. இதை அவனிடம் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாமலா இருக்கும். சங்கு குளிக்கிறவன், கடலை என்னைவிடக் கீழே போய்ப் பார்த்தவன். இஞ்சின் டிக் டிக் என்கிறது. ஆறுகிற இரும்பு சுருங்குகிற சத்தம். வேகமாக மூன்று டிக், அப்புறம் ஒன்று, அப்புறம் நீளமாக ஒன்றும் இல்லை, முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னொன்று. எங்கள் வீட்டுத் தகரக் கூரையும் சாயங்காலம் இப்படித்தான் பேசும், கித்தேரி அடுப்படியிலிருந்து "கூரை ஏதோ சொல்லுது கேளுங்க" என்பாள். நான் என்ன சொன்னேன் அதற்கு. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

தண்ணி போகிற வழியை யோசி பெர்க்மான்ஸ், அதை யோசி. வள்ளத்துக்கு அடியில் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு மேல் பித்தளைச் சல்லடைத் தகடு, அதன் வழியாகக் கடல்தண்ணி உள்ளே வருகிறது, ஒரு வால்வு, அப்புறம் ஒரு வடிகட்டி, அப்புறம் பம்ப்பில் ஒரு ரப்பர் விசிறி, அது இழுத்துக் கூலருக்குத் தள்ளுகிறது, கூலருக்குள்ளே ஒரு பக்கம் கடல்தண்ணி ஒரு பக்கம் இஞ்சினுடைய நல்ல தண்ணி, இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, இது அதன் சூட்டை வாங்கிக்கொண்டு, கடைசியில் புகைக்குழாய் வழியாகப் பின்னால் துப்பிவிடும். துப்புகிற தண்ணியைப் பார்த்தே இஞ்சினின் உடம்பு சொல்லலாம். காலையில் அரை வேகத்தில் வந்தபோது நன்றாகத்தான் துப்பியது. திரும்புகிறபோது வேகத்தைக் கூட்டினேன், துப்பல் மெலிந்தது, எச்சில் மாதிரி வந்தது, அப்புறம் வெள்ளையாக ஆவி. மெதுவாகப் போனால் சரி, வேகமாகப் போனால் சூடு. அப்படியென்றால் தண்ணி வருகிறது, பத்துகிற அளவுக்கு வரவில்லை. எங்கேயோ தொண்டையைப் பிடித்திருக்கிறது. விசிறியாக இருக்குமோ, போன மாசம்தான் புதுசு போட்டேன், கடைக்காரனிடம் அரை மணி நேரம் மல்லுக்கட்டி வாங்கினேன், அவன் கடைசியில் எடுத்துக்கிட்டுப் போய்யா என்று பலகைமேல் போட்டான். போலிச் சரக்கைத் தள்ளிவிட்டிருப்பானோ. அவனை நாளைக்கு, இல்லை, நாளைக்கு ஞாயிறு, திங்கட்கிழமை கடை வாசலில் நின்று நான் போடுகிற சத்தத்தில். வாயைத் திறக்காதே. மனசுக்குள் கத்துவது சேர்த்தியா இல்லையா. அதைப் பேசி முடிக்கவில்லை.

சத்தம்தான் எனக்குச் சோறு போட்டது, அதை இவர்கள் யாரும் நினைப்பதில்லை. பன்னிரண்டு வயதில் ஐஸ் உடைத்தேன், கோணியைச் சுற்றி மரக்கட்டையால் அடிப்பேன், அந்தத் தூள் காதுக்குள்ளும் போகும். ஏலக்கூடத்தில் கூடை தூக்கினேன். ஒருநாள் ஏலம் விடுகிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது, நீ சொல்லுலே என்றார்கள், ஏறி நின்று ஒரு சத்தம் விட்டேன், கூடம் மொத்தமும் திரும்பியது. அதுவரைக்கும் என்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. சீலா மீனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கேளு கேளு என்று நான் கூவினால் வாங்க வராதவன்கூட விலை கேட்பான். மெதுவாகப் பேசினவனிடம் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், நான் பார்த்திருக்கிறேன், என் அப்பா மெதுவாகத்தான் பேசுவார். அந்தச் சத்தத்தில்தான் இந்த வள்ளம் வந்தது, சம்மனசு என்று தேவதூதரின் பேரை வைத்ததுகூட கித்தேரிதான், வீட்டில் ஒரு சம்மனசும் இல்லை, கடலிலாவது இருக்கட்டும் என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எப்போதிருந்து சிரிக்காமல் சொல்ல ஆரம்பித்தாள். கை வெந்த அன்று ஈரத்துணியைப் போட்டுக்கொண்டே அழுதாள், வலியில் அவளைத்தான் கத்தினேன், துணி ஏன் இவ்வளவு ஈரமா இருக்கு என்று கத்தினேன். ஈரத்துணி ஈரமாகத்தான் இருக்கும். வெயில் கண்ணுக்குள் வந்து உட்காருகிறது. இமையை மூடினால் சிவப்பு, அந்தச் சிவப்புக்குள் ஒரு நீலம் மிதக்கிறது, சொறிமீன் மாதிரி. அது என்ன நீலம்.

பெயிண்ட். திருவிழாவுக்கு முன்னால் வள்ளத்தைக் கரையில் ஏற்றிப் பெயிண்ட் அடித்தோம், கொடி ஏறுவதற்குள் எல்லா வள்ளமும் புதுத்துணி போட்டதுபோல நிற்க வேண்டும், அது எங்கள் பழக்கம். காஸ்பர்தான் எப்போதும் அடிப்பவன். கூலி பேசும்போது ஒரு சொல் கூடிப் போயிற்று, பிரஷ்ஷை மணலில் குத்திவிட்டு அவன் போய்விட்டான், போனால் போடா, எனக்குக் கையில்லையா என்று நானே அடித்தேன், மேலே அடித்து, பக்கம் அடித்து, வள்ளத்துக்கு அடியில் மல்லாந்து படுத்து, முகமெல்லாம் நீலம் சொட்ட. அப்போதுதான் கித்தேரி வந்தாள். கையில் தூக்குச்சட்டி, சேலையைச் செருகிக் குனிந்து அடியில் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னாள். ஏதோ சொன்னாள், நான் கத்தினேன். நான் கத்தினது முழுசும் ஞாபகம் இருக்கிறது, ஒரு எழுத்து விடாமல், நீ பெரிய இஞ்சினியரு, அடுப்புல இருக்கிற சட்டியப் போய்ப் பாரு, வந்துட்டா எனக்குப் புத்தி சொல்ல என்று. கரையில் கிழிந்த வலையைப் பொத்துகிறவர்கள் மொத்தமும் திரும்பிப் பார்த்தார்கள். ஏலக்கூடத்தில் திரும்பிப் பார்த்த அதே திரும்பல். தூக்குச்சட்டியை மணலில் வைத்தாள், சாயாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள், போனாள். அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவள் என்ன சொன்னாள் என்பதுதான் இல்லை. அவள் வாய் அசைகிறது, பின்னால் வெயில், காதோரம் முடி ஒட்டியிருக்கிறது, வாய் அசைகிறது, சத்தம் இல்லை. இருபத்தேழு நாளாக அந்த இடத்தில் வந்து வந்து முட்டிக்கொள்கிறேன். சாப்பிட வாங்க என்றாளா. சட்டையை மாத்திக்கிட்டு அடிங்க என்றாளா. அதற்கா கத்தினேன். அதற்குக் கத்துகிறவனா நான்.

"அத்தான், தூங்கிட்டீங்களா? முள்ளு இறங்கிட்டு." எழுந்தேன். மூடியின் மேல் ஈரக்கோணியைப் போட்டு, கால் திருகு திருகி நிறுத்தி, உஸ்ஸென்று மிச்ச மூச்சு போகும்வரை நின்று, அப்புறம் திறந்தேன். உள் தண்ணி குறையவில்லை. நல்லது, இஞ்சின் பிழைத்தது. இரண்டு பேரும் குனிந்தோம், தலையும் தலையும் இடித்துக்கொண்டது. "பெல்ட்டு?" "டைட்டாத்தான் இருக்கு." "வடிகட்டி?" நான் திறந்தேன், இரண்டு இழை பாசி, ஒரு குட்டி இறால், செத்து வெள்ளையாக. "இது காணாதே அத்தான், இதுக்கா இஞ்சின் சூடாகும்?" "ஆகாது." விசிறியைக் கழற்றிப் பார்த்தேன், ஆறு இதழும் முழுசாக இருக்கிறது, கடைக்காரனை மனசுக்குள் திட்டினதைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். கடைசியாக வால்வு. வால்வுக்கு மேல் இருக்கிற ஓஸ் பைப்பின் கிளிப்பைத் தளர்த்தி உருவினேன். வள்ளத்தின் அடியில் இருக்கிற ஓட்டை அது, திறந்திருந்தால் கடல் ஊற்று மாதிரி முழங்கால் உயரத்துக்குப் பொங்க வேண்டும், கையால் பொத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். பொங்கவில்லை. கிழவனுக்கு மூத்திரம் போவது மாதிரி மெல்லிசாக ஒழுகியது. தஸ்நேவிஸ் சொன்னதுதான் அந்த வார்த்தை, சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான், நான் சிரித்துவிட்டேன், அவனும் சிரித்தான், ஒரு நிமிடம் இரண்டு பேருக்கும் இடையில் ஒன்றுமே இல்லை. வால்வை மூடிவிட்டு, "அடைப்பு கீழ, வெளிய இருக்கு" என்றேன். உள்ளேயிருந்து கம்பி விட வழியில்லை, குழாய் வளைந்து போகிறது. அவன் அதற்குள் சட்டையைக் கழற்றி, இடுப்பில் கயிற்றைச் சுருக்குப் போட்டுக் கட்டிவிட்டான். "நீங்க கயித்தப் பிடிங்க. ஒரு இழு இழுத்தா நல்லா இருக்கேன்னு அர்த்தம். ரெண்டு இழு இழுத்தா தூக்கிருங்க." சிலுவை போட்டுக்கொண்டு, கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினான். தண்ணி அவன் தலைக்கு மேல் ஒரு வளையம்கூடப் போடாமல் மூடிக்கொண்டது.

கயிறு என் கையில். உயிருள்ள கயிறு, மீன் கடிக்கிறதற்கு முன்னால் தூண்டில் கயிறு இருக்குமே அப்படி. அடிப்பலகையில் கரகர என்று சுரண்டுகிற சத்தம் என் கால் வழியாக ஏறுகிறது, வள்ளத்துக்கு யாரோ சொறிந்துவிடுகிற மாதிரி. ஒரு இழு. சரி. அப்புறம் மேலே வந்தான், மூச்சை ஊதினான், பலகையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு உள்ளங்கையை நீட்டினான். அதில் ஒரு நீலச் செதில், கட்டைவிரல் நகம் அளவு, தடியாக, தோசையின் ஓரம் மாதிரி. "சிப்பி கொஞ்சம் இருக்கு அத்தான், அது கிடக்கட்டும், தகட்டு மேலேயே பெயிண்ட அப்பியிருக்கு. பாதி ஓட்டை அடஞ்சு கிடக்கு, மிச்சத்துல சிப்பி உக்காந்திருக்கு. யாரு அடிச்சது இத?" செதில் வெயிலில் மினுங்கியது. எனக்கு நாக்கு முந்திக்கொண்டது, எப்போதும் அதுதானே முந்தும், "காஸ்பர் பய" என்றேன். "காஸ்பர் அண்ணனா? அவரு இந்த மாதிரி செய்ய மாட்டாரே, தகட்டு மேல துணியக் கட்டிட்டுல்லா அடிப்பாரு" என்று சொல்லிவிட்டுத் தலையை உதறி, இன்னொரு தடவை மூச்சை இழுத்து இறங்கிவிட்டான். துணியைக் கட்டிவிட்டு. துணியைக் கட்டிவிட்டுத்தானே அடிப்பார்.

துணி. அவள் கையில் துணி இருந்தது. ஒரு கையில் தூக்குச்சட்டி, இன்னொரு கையில் ஒரு பழைய துண்டு, என்னுடைய பழைய கட்டம் போட்ட துண்டு, நாலாக மடித்தது. இத்தனை நாளாகத் தூக்குச்சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. வாய் அசைகிறது, பின்னால் வெயில், காதோரம் முடி. "ஏங்க, அந்த ஓட்டைக்கு மேல இந்தத் துணிய வச்சுக் கட்டிட்டு அடிங்க, அடஞ்சுரும்னு காஸ்பர் அண்ணன் சொல்லிட்டுப் போனாரு." அவ்வளவு மெதுவாக. அடுப்படியிலிருந்து கூரை பேசுவதைச் சொன்ன அதே குரலில். என்னால் விரட்டப்பட்டவன் போகிற போக்கில் எனக்கு நல்லது சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், இவள் அதைத் துணியோடு சுமந்துகொண்டு வெயிலில் கரை வரைக்கும் வந்திருக்கிறாள், நான் கத்தினேன், கத்திவிட்டு அந்தக் கோபத்தோடு அந்தச் சல்லடை மேலேயே இரண்டு பூச்சு, வேண்டுமென்றே, ஆமாம் வேண்டுமென்றேதான், அவள் சொன்னது எது என்று காதுக்குத் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது அவள் தம்பி அந்தப் பூச்சுக்குக் கீழே. எவ்வளவு நேரம் ஆயிற்று. எண்ண மறந்துவிட்டேன். சுரண்டுகிற சத்தம் இல்லை. எப்போது நின்றது. கால் வழியாக ஒன்றும் ஏறவில்லை. அவன் இரண்டு நிமிடம் தம் பிடிப்பான், சங்குக்குப் போகும்போது அதற்கு மேலும் பிடிப்பான், பேசிக்கொள்வார்கள். கயிறு தொய்ந்து கிடக்கிறது. ஒரு இழு இழுத்துக் கேட்டேன். பதில் இல்லை. இழுத்தேன், வருகிறது, பாரமே இல்லாமல் வருகிறது, கை கையாக வருகிறது, கடைசியில் ஈரமாக ஒரு சுருக்கு, அவன் இடுப்பு இருந்த அளவுக்கு ஒரு வட்டம், அதற்குள் ஒன்றும் இல்லை. கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்கிறது. சொறிமீன் அதே இடத்தில் குடை விரிக்கிறது. அப்புறம் நான் கத்தினேன். காலையிலிருந்து அடக்கினது மட்டுமில்லை, எங்கேயிருந்தோ வந்தது, நேவிஸு, லே நேவிஸு என்று, ஏலக்கூடத்தில்கூட அப்படி ஒரு சத்தம் விட்டதில்லை, யாரிடம் என்று தெரியாமல், என்ன வேணும் கேளு, வள்ளத்த எடுத்துக்க, இஞ்சின எடுத்துக்க, வீட்ட எடுத்துக்க, அவன விடு, அவன விடு என்று. எதிரொலிக்கக்கூட அங்கே ஒன்றும் இல்லை.

"யாருகிட்ட அத்தான் இவ்வளவு நேரம் பேரம் பேசுதீங்க?" அந்தப் பக்கம். சுக்கானைப் பிடித்துக்கொண்டு, மூக்கில் ஒழுக, மூச்சிரைத்துக்கொண்டு. கயிறு புரொப்பல்லரில் சிக்கப் பார்த்ததாம், அவிழ்த்து விட்டுவிட்டு அந்தப் பக்கமாக ஏறியிருக்கிறான். நான் போய் அவன் இரண்டு அக்குளையும் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டேன், மீனைப் போடுவதுபோல. வால்வைத் திறந்தேன், பொங்குகிறதா. பொங்கியது, முகத்தில் அடித்தது, உப்பாக, குளிர்ச்சியாக. பைப்பை மாட்டிக் கிளிப்பை முறுக்கினேன். இஞ்சின் இரண்டாவது சுற்றில் பிடித்தது. பின்னால் புகைக்குழாய் ஒரு தடவை இருமிவிட்டு, தள தளவென்று துப்ப ஆரம்பித்தது, கையை நீட்டினேன், இளஞ்சூடு, பாலாடை விழுந்த தோலின் மேல் ஓடியது. முள் பாதியில் நின்றது. வேகத்தைக் கூட்டினேன், அங்கேயே நின்றது. மேற்கே திருப்பினேன்.

கொஞ்ச தூரம் போனபின் அவன் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான், துண்டைப் போர்த்திக்கொண்டு. "அத்தான், அக்கா கேப்பா. என்ன சொல்லட்டும்?" அவனே பதிலும் சொன்னான். "பயத்துல கத்துனது கத்துனதுல சேராது. எனக்காவத்தான கத்துனீங்க. நான் கேக்கலைன்னு வச்சுக்கிடுவோம். தண்ணிக்குள்ள என்ன கேக்கப் போகுது." என் வாழ்நாளில் எனக்கு யாரும் இவ்வளவு மலிவாக ஒன்றைக் கொடுத்ததில்லை. கேட்காமலே கொடுக்கிறான். கை நீட்டினால் போதும். சரி என்று சொல்ல வாயும் வந்துவிட்டது. "வேண்டாம் மாப்ள. கத்துனேன்னே சொல்லு." அவன் என்னைப் பார்த்தான். "பெயிண்ட் அடிச்சது காஸ்பர் இல்ல. நான்." "தெரியும்" என்றான், "காஸ்பர் அண்ணன் இவ்வளவு மோசமா அடிக்க மாட்டாரு." அப்புறம் நான் சொன்னேன், "துணிய வச்சுக் கட்டச் சொன்னா உங்க அக்கா. அன்னைக்கே சொல்லிட்டா. எனக்கு இன்னைக்குத்தான் கேட்டுச்சு. அதையும் சொல்லு." அவன் துண்டால் காதைக் குடைந்தான், தண்ணியை உதறினான். "இத நான் சொல்ல மாட்டேன். நீங்களே வாசல்ல வந்து நின்னு சொல்லுங்க. வருவாளா மாட்டாளான்னு எனக்குத் தெரியாது, அது உங்க பாடு. ஆனா அக்கா உள்ளதான் இருப்பா, அதனால மெதுவாச் சொல்லுங்க." எழுந்து அணியத்துக்குப் போய்விட்டான். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். நீ சொன்னது கேட்டுச்சு கித்தேரி. இஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன், இன்னும் மெதுவாக. வெளுப்புக்குள்ளிருந்து கோபுரத்தின் நுனி ஊசி மாதிரி வெளியே வந்தது, நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.